சர்க்கரையை விரட்டிய டி-ஷர்ட்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் சர்க்கரை 142. இட்லி மூன்று, இன்சுலின் ஆறு யூனிட். வழக்கம்போல் குளியலறையில், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டேன். ஊசி சத்தம் போடாது. ஆனாலும் குழாய் ஓடும். பதினாலு வருஷப் பழக்கம். யாராவது வந்திருந்தால் அத்தை ஹாலிலிருந்தே சொல்லிவிடுவார்: "பியூலா குளிக்கிறா." ஒரு நாளைக்கு நான்கு தடவை குளிக்கிற பெண் என்று இந்த அடுக்ககத்தில் எனக்கு நல்ல பெயர்.

இன்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினேன். பெயர் 'ஊசிவெடி'. என்னைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னது. எழுதினேன்: 'வயது 39. பன்னிரண்டாவது வயதில் என் கணையம் வேலையை ராஜினாமா செய்தது. காரணம் சொல்லவில்லை. அன்றிலிருந்து அதன் வேலையையும் நானே பார்க்கிறேன்.' சொந்தப் பெயர் போடவில்லை. போட்டால் அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிந்தால் சாலமோனுக்குத் தலைவலி.

சாலமோன் பாவம். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன். "அதனால என்ன" என்றார். அத்தைதான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்மா. வெளிய சொல்லாதே." இப்போது ஜெரூஷாவுக்குப் பன்னிரண்டு வயது. நிபந்தனை அவள் பெயருக்கு மாறிவிட்டது. "நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பாக்க வேணாமா?"

பெண் ஏழாம் வகுப்பு.

ஆகஸ்ட் 9, சனி

மேற்குத் தாம்பரத்தில் உமேஷின் கடைக்குப் போனேன். கோப்பை, டி-ஷர்ட், ஸ்டிக்கர் எல்லாம் அச்சடிக்கிற கடை. நான் வரைந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது? முந்திரிக்கொட்டைக்குக் கை கால் வெச்ச மாறி கீது."

"கணையம்."

"அது எங்க கீது?"

"வயித்துக்குப் பின்னால."

"அங்க குந்திகினு இன்னா பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் பண்ணலை," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

உமேஷ் ஒரு நொடி என்னைப் பார்த்தார். படத்தைக் கணினியில் ஏற்றினார். சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிற கணையம். கீழே 'நான் ஓய்வு பெற்றுவிட்டேன்'. ஐம்பது ஸ்டிக்கர் அடித்தார். கிளம்பும்போது சொன்னார்: "ஒண்ணு நான் எடுத்துக்கறேன்க்கா. எங்கம்மா ஊசி போட்டுக்குது. அந்த டப்பா மேல ஒட்டுவேன்."

இருபத்தேழு வருஷத்தில் என் கணையத்தைக் கேட்டு வாங்கிய முதல் மனிதர்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கணையம் போக, ஸ்டிக்கர்கள் இப்போது ஆறு வகை. எல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து வந்ததுதான், நான் வெறும் எழுத்தர். 'பாத்தா தெரியலையே.' 'பாகற்காய் ஜூஸ் குடிச்சுப் பாத்தீங்களா?' 'வெல்லம்னா பரவால்ல.' 'சின்ன வயசுல சாக்லேட் நிறைய சாப்பிட்டியா?' 'எங்க சித்தப்பாவுக்கும் சுகர்தான், காலை எடுத்துட்டாங்க.' கடைசியாக ஒன்று, பூட்டுப் போட்ட வாயோடு: 'வெளிய சொல்லாதே.'

பூட்டுதான் பிய்த்துக்கொண்டு போகிறது. மதுரை, நாகர்கோவில், கோலாலம்பூர் வரை கூரியர்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆலயத்திலிருந்து திரும்பும்போது கீழே யக்ஞநாராயணன் சார் பிடித்துக்கொண்டார். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். தரைத்தளச் சுவரில் 2015 வெள்ளத்தின் கோடு இன்னும் தெரிகிறது. அதற்கு மேலேதான் சங்க நோட்டீஸ் பலகை. அதன் அடியில் நின்றபடியே பேசினார்.

"நவம்பர்ல உலக நீரிழிவு தினம் வருதும்மா. முடிச்சூர் ரோட்ல ஒரு நடைப்பயணம் வெக்கறோம். 'சர்க்கரையை விரட்டுவோம்.' நீ படம் வரையறவளாச்சே. டி-ஷர்ட்டுக்கு ஒரு டிசைன் போட்டுக் குடு. நீ குழந்தைகளுக்குப் போடற வண்ணம் தீட்டற புஸ்தகம் மாதிரி இல்லாம, கொஞ்சம் சீரியஸா."

சரி என்றேன்.

"உனக்குச் சுகர்னா என்னன்னு தெரிஞ்சிருக்காது. நான் சொல்றேன்," என்று இருபது நிமிடம் சொன்னார். அத்தை பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரம் இதுதான்: வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு வருவது. அவருக்கே இருக்கிறது. ஆனால் அவருக்கு வந்தது டென்ஷனால்.

செப்டம்பர் 13, சனி

கமிட்டிக் கூட்டம். ஓவியர் என்ற முறையில் எனக்கும் நாற்காலி. வந்தவர்கள் ஒன்பது பேர். உட்கார்ந்ததும் ஒன்பது பேரும் ஒவ்வொருவராகத் தங்கள் சர்க்கரை எண்ணைச் சொன்னார்கள். ஒருவர் முந்நூற்றுப் பத்து என்றார். இன்னொருவர் விட்டுக்கொடுக்காமல் முந்நூற்று நாற்பது என்றார். செயலாளரின் மனைவி பாலாம்பாள் மாமிக்கு நூற்று எழுபதுதான். கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

அறுபது வயதில் வந்தால் பெருமை, பன்னிரண்டில் வந்தால் ரகசியம். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

என் படம்: கணையம் கொடி பிடித்து முன்னால் நடக்கிறது, பின்னால் ஊசி, ஒரு சொட்டு ரத்தம், பரிசோதனைக் கருவி எல்லாம் கைகோர்த்து வருகின்றன.

"இது என்ன, மாங்கொட்டையா?" என்றார் யக்ஞநாராயணன் சார்.

"கணையம் சார்."

"யாருக்கும் தெரியாதேம்மா. ஹார்ட் போட்டுடு. ஹார்ட்னா எல்லாருக்கும் புரியும்."

"ஊசி வேண்டாம்," என்றார் பாலாம்பாள் மாமி. "காலங்கார்த்தால ஊசியைப் பாத்துண்டு நடக்கறதாவது."

ரத்தமும் போனது. கருவி செல்ஃபோன் மாதிரி இருப்பதால் அதுவும் போனது.

செப்டம்பர் 20, சனி

ஸ்பான்சர் கிடைத்துவிட்டார். அம்மணி இனிப்பகம்.

செப்டம்பர் 27, சனி

ஸ்பான்சரின் சின்னத்தைப் பெரிதாகப் போட வேண்டுமாம். சின்னம் இரண்டு குலாப் ஜாமூன். ஆக, இறுதி வடிவம்: நெஞ்சில் ஒரு இதயம், 'சர்க்கரையை விரட்டுவோம்'. முதுகில் இரண்டு ஜாமூன், 'தித்திப்போடு வாழ்வோம்'.

இதை வரைந்தது நான்தான் என்று என் கல்லறையில் எழுதாமல் இருந்தால் போதும்.

அக்டோபர் 11, சனி

மாட்டிக்கொண்டேன்.

கூரியர் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அத்தை அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டிக்கர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். பூட்டுப் போட்ட வாய் மட்டும் தனியாக, கைக்குப் பக்கத்தில்.

"வீட்டு விஷயத்தை ஸ்டிக்கர் அடிச்சு விக்கிறியா பியூலா?"

"பேரு எதுவும் போடலை அத்தை."

"உன் பேரைப் போடலை. என் பேச்சைப் போட்டிருக்கியே."

அது அவருடைய வாக்கியம்தான். எழுத்துப் பிசகாமல். நான் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன், எல்லார் வீட்டிலும் சொல்கிறதுதானே என்று. அத்தை கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய் ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் பக்கம் புரளவில்லை.

எனக்கும் கோபம்தான். பதினாலு வருஷமா குழாயைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒரு சிரிப்புக்குக்கூட எனக்கு உரிமை கிடையாதா?

ஆனா சிரிச்சது அவங்களைப் பாத்து. அதுவும் தெரியுது.

அக்டோபர் 12, ஞாயிறு

பேசவில்லை. ஆலயத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். ஆராதனையில் ஒருவருக்கொருவர் 'சமாதானம்' சொல்லிக் கைகுலுக்கும்போது விரல் நுனி கொடுத்தார்.

அக்டோபர் 13, திங்கள்

பேசவில்லை. ஆனால் எனக்குச் சப்பாத்தி மூன்றுக்குப் பதில் இரண்டரை வைத்தார். நேற்று ராத்திரி என் சர்க்கரை அதிகமாக இருந்ததை எப்படிக் கவனித்தார்?

அக்டோபர் 14, செவ்வாய்

அத்தை புடலங்காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "அந்தப் பூட்டுப் படம். எத்தனை பேர் வாங்கினாங்க?"

"இருநூத்துப் பதினொண்ணு."

கத்தி நின்றது.

"அத்தனை வீட்லயுமா?"

மறுபடி புடலங்காய் நறுக்கும் சத்தம் கேட்டது. பூட்டை நிறுத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. விற்கவும் சொல்லவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பெருங்களத்தூரில் மூன்று நாளாக ஊருக்குப் போகிற பஸ்கள் நகராமல் நின்று, இன்றுதான் ரோடு காலி. ஒன்பது வீடுகளிலிருந்து பலகாரம் வந்தது. கமிட்டி உறுப்பினர்கள் வீட்டிலிருந்துதான் அதிகம். முந்நூற்று நாற்பது கொண்டு வந்த மைசூர்பா மிக நன்றாக இருந்தது. ஒன்று சாப்பிட்டேன், அதற்கு இரண்டு யூனிட். குழாய், தண்ணீர், எல்லாம் வழக்கம்போல்.

நவம்பர் 8, சனி

டி-ஷர்ட் வந்துவிட்டது. உமேஷ் கடையில்தான் அடித்தார்கள். ஜாமூனின் பழுப்பு நிறம் கொஞ்சம் பிசகிவிட்டது. ஜெரூஷா போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, முதுகுல ரெண்டு உருளைக்கிழங்கு இருக்கு" என்றாள். பாக்கெட் வைக்கவில்லை. ஊசி, கருவி, சர்க்கரை குறைந்தால் தின்ன குளுக்கோஸ் எல்லாம் இருக்கிற என் ஊசிப் பையை எங்கே வைப்பது?

அத்தை, "கையில எடுத்துட்டுப் போனா என்னன்னு கேப்பாங்க. ஒரு மணி நேரந்தானே. வீட்டுலயே வெச்சுட்டு வா" என்றார். சரி என்றேன். பேச ஆரம்பித்திருக்கிறார், அதைக் கெடுப்பானேன்.

நவம்பர் 15, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

அழைப்பிதழில் போட்டிருந்தது: ஆறு மணி நடை, ஏழு மணி சிற்றுண்டி. நம்பினேன். ஆறே முக்காலுக்கு, நடை முடிந்ததும் ஒரு நடை மேலே வந்து, குழாயைத் திறந்து, பொங்கலுக்குச் சேர்த்து எட்டு யூனிட் போட்டுக்கொண்டு கீழே போனேன். என் தப்புதான். தட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போடணும். இருபத்தேழு வருஷம் ஆச்சு, தெரியாதா?

ஏழு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஏழரைக்கு வந்தார். வந்து மனக்கட்டுப்பாடு பற்றிப் பேசினார். அவர் பேசி முடித்ததும் அவரை அறிமுகப்படுத்த மறந்துவிட்டது ஞாபகம் வந்து, யக்ஞநாராயணன் சார் அறிமுகப்படுத்தினார். பிறகு பொன்னாடை. பொங்கல் அண்டா மூடியே இருந்தது. சாப்பாடு வராததால் ஊசி என் ரத்தத்துச் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்தது; எட்டு மணிக்கு என் உதடு மரத்துப்போனது. வியர்வை. டி-ஷர்ட் முதுகில் ஒட்டிக்கொண்டது, உருளைக்கிழங்கோடு.

மாடி ஏறக் கால் வராது என்று காப்பி மேசைக்குப் போனேன். சர்க்கரை இல்லாத காப்பி. மேசையைச் சுற்றிப் பத்தடிக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது, விரட்டிவிட்டார்கள். மிச்சமிருந்தது அம்மணி இனிப்பகத்தின் மேசை. ஜாமூன் கிண்ணங்கள் வரிசையாக. எடுக்கப் போனேன்.

"டோக்கன் இருக்கா?" என்றார் பாலாம்பாள் மாமி. "பேச்சு முடிஞ்சப்புறந்தான் குடுக்கணும்."

டோக்கன் எங்கே இருக்கிறதென்று யோசித்தேன். டோக்கன் என்றால் என்னவென்றே யோசிக்க வேண்டியிருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமி, எனக்குச் சுகர்," என்றேன்.

முதல் தடவையாக வெளியில் சொல்கிறேன். பதினாலு வருஷத்தில் இதை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், மனசுக்குள். இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. மாமி கிண்ணத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சுகரா? அப்ப இதைத் தொடவே கூடாதே."

"குறைஞ்சிருக்கு… வேணும்…"

"சுகர் இருக்குங்கறா, ஸ்வீட் கேக்கறா." மாமி திரும்பி யாரிடமோ சொன்னது கேட்டது. பிறகு மைக்கில் யக்ஞநாராயணன் சாரின் குரல்: "நம்ம பியூலாவுக்குச் சுகராம். தயவுசெஞ்சு யாரும் அவருக்கு ஜாமூன் கொடுக்க வேண்டாம்." மூன்று தெருவுக்குக் கேட்கிற மைக். ஒருத்தர் வெந்தயத் தண்ணி கொண்டுவந்து நீட்டினார். ஒருத்தர் விசிறினார். சுத்தி நாப்பது பேரு. நாப்பது பேர் முதுகுலயும் ஜாமூன்.

கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஒரு வெள்ளைப் புடவை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது.

"கையை எடுங்க," என்றார் அத்தை. ஞானசௌந்தரி டீச்சர், முப்பத்து மூன்று வருஷம் எட்டாம் வகுப்பை அடக்கிய குரல். "என் மருமகளுக்குப் பன்னெண்டு வயசுலருந்து சுகர். எனக்குத் தெரியாதா? இப்ப இனிப்புதான் மருந்து. நகருங்க."

மாமி கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கி, ஜாமூனை எறிந்துவிட்டு, பாகை என் வாயில் ஊற்றினார். இன்னொரு கிண்ணம். மூன்றாவது. தாடையெல்லாம் பாகு. நடுவில் தலையைத் திருப்பி மேடையைப் பார்த்து, "ஏழு மணின்னு போட்டுட்டு எட்டேகாலுக்கும் சோறு போடாம பேசிட்டிருந்தா மனுஷி விழாம என்ன பண்ணுவா?" என்றார்.

மைக்கை அணைத்தார்கள்.

சாலமோன் மாடிக்கு ஓடிப் போய்க் கருவியை எடுத்து வந்தார். 51. கால் மணி கழித்து 88. பொங்கல் அண்டாவைத் திறந்தார்கள். அத்தை எனக்கு ஒரு தட்டு வாங்கி வந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"பையை வீட்ல வெச்சுட்டு வான்னு நாந்தான் சொன்னேன்," என்றார். தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

நவம்பர் 16, ஞாயிறு

கதவுக் கைப்பிடியில் மூன்று பைகள் தொங்கின. பாகற்காய், பாகற்காய், நாவல்கொட்டைப் பொடி. பாலாம்பாள் மாமி நேரில் வந்தார். "நேக்குத் தெரியலடி, குறையும்னே தெரியாது," என்றார், கண் கலங்கி. உண்மையில் தெரியாது. அவர் மேல் கோபப்பட முடியவில்லை. காப்பி கொடுத்தேன். போகும்போது, "பாத்தா தெரியவே இல்லையேடி" என்றார்.

அத்தை சமையலறைக்குள் சிரித்ததை நான் கேட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

சங்கத்தின் சுற்றறிக்கை, நோட்டீஸ் பலகையில்: 'எதிர்பாராத சம்பவத்தைக் கருத்தில் கொண்டு, அடுத்த ஆண்டு நீரிழிவு நடைப்பயணத்தில் நீரிழிவு உள்ளவர்கள் கலந்துகொள்ள வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.'

கணக்குப் பார்த்தேன். கமிட்டியில் ஒன்பது பேர். நடக்க யாருமில்லை.

நவம்பர் 22, சனி

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பியூலா, ஒண்ணு வரைவியா? ஒரு பொண்ணு மயங்கி விழறா. மேல ஒரு கை நீட்டி, 'டோக்கன் இருக்கா?'"

வரைந்தேன். மாமி என்று கண்டுபிடிக்கும்படி மூக்கை வரைய வேண்டாம் என்று அவரே சொன்னார். பிறகு, "அந்தப் பூட்டையும் நிறுத்தாதே. வாங்கறவங்க வாங்கட்டும்," என்றார்.

மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வீட்டில் அதற்கு வழக்கம் கிடையாது. அவர் உறைகளில் போட்டு ஒட்டுவதற்குத் தோதாக நான் ஸ்டிக்கர்களை வெட்டிக் கொடுத்தேன்.

டிசம்பர் 6, சனி

தாம்பரத்தில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்க விற்பனை. ஊறுகாய்க்கும் கேக்குக்கும் நடுவில் எங்கள் மேசை. அத்தைதான் விற்றார். "எங்க மருமக வரைஞ்சது. அவளுக்குச் சுகர்," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், கேட்காதவர்களிடமும். ஒரு கட்டத்தில் நான்தான் கூச்சப்பட்டு, "மெதுவா சொல்லுங்க அத்தை," என்றேன்.

மதியத்துக்குள் கணையம் தீர்ந்துவிட்டது.

ஜனவரி 10, சனி

பள்ளிக்கரணையிலிருந்து சாவித்ரி என்றொரு பெண் வந்திருந்தார், பத்து வயது மகளோடு. விற்பனையில் அத்தையிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். மகளுக்குச் சுகர் என்று மூன்று மாதத்துக்கு முன்புதான் தெரிந்ததாம். ஜெரூஷா அந்தக் குழந்தையைத் தன் அறைக்கு அழைத்துப் போனாள். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. நான் ஜன்னலோரம் ஒரு வண்ணம் தீட்டும் புத்தகத்துக்கு மயில் தோகையை வரைந்து முடித்துக்கொண்டிருந்தேன்.

சாவித்ரி பேசிக்கொண்டே வந்து, குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. நாளைக்கு இவளுக்குக் கல்யாணம்னு ஒண்ணு…"

அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அதெல்லாம் ஆகும். மாப்பிள்ளை கிடைச்சுடுவான். மாமியாரைத்தான் பாத்து எடுக்கணும். சிலதுக்குப் புரியறதுக்கே பதினாலு வருஷம் ஆகும்."

நான் தோகையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

சாவித்ரி என் பக்கம் பார்த்திருக்க வேண்டும். "மெதுவாம்மா, உங்க மருமக காதுல விழுது," என்றார்.

"விழட்டும்," என்றார் அத்தை.